கால்பந்து வீரர்களின் மனக்களைப்பு: வேலூர் வட்டாரப் பயிற்சியாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆட்டத்தின் எழுபதாவது நிமிடத்துக்கு மேல் ஒரு வீரரின் ஆட்டம் மங்கத் தொடங்கினால், அவருக்கு ஸ்டாமினா போதவில்லை என்று முடிவுகட்டி, மறுநாள் காலையில் மைதானத்தைச் சுற்றிக் கூடுதலாகப் பத்துச் சுற்று ஓடவிடுவது நம் பக்கத்துப் பயிற்சியாளர்கள் பலரின் வழக்கம். சில நேரங்களில் அந்த முடிவு சரியாகவும் இருக்கும். ஆனால் முப்பது மீட்டர் ஓட்டத்தைப் பழைய வேகத்திலேயே ஓடி முடிக்கிற ஒருவர், ஆட்டத்துக்குள் வந்ததும் ஆளில்லாத பக்கம் பந்தைத் தள்ளுகிறார், தான் கவனிக்க வேண்டிய எதிரணி வீரரைக் கோட்டைவிடுகிறார், கேட்டால் "கவனிக்கலை சார்" என்கிறார் என்றால், அவருக்கு இன்னும் பத்துச் சுற்று ஓட்டம் எதையும் சரிசெய்யப் போவதில்லை. பள்ளி, கல்லூரி, ஊர்க் குழுக்களைப் பயிற்றுவிக்கும் பி.டி. ஆசிரியர்களும் மூத்த வீரர்களும் இத்தகைய மனக்களைப்பை எப்படிக் கண்டறிவது, ஆட்டத்துக்கு முன்பே எப்படிக் குறைப்பது என்பதைச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

நீண்ட நேரம் இடைவிடாமல் கவனம் செலுத்தி மூளையை உழைக்கவைத்த பிறகு வருகிற களைப்பு இது. உடல் ஓய்வாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் வரும். வேல்ஸில் பணியாற்றிய சாமுவேலே மார்க்கோராவும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் பலரும் முதலில் எடுத்துக்காட்டுவது. 16 பேரை ஒரு நாள் 90 நிமிடம் கணினித் திரையில் எழுத்துகளைக் கவனித்துப் பொத்தானை அழுத்தும் அலுப்பான வேலையில் உட்காரவைத்தார்கள். மற்றொரு நாள் அதே நேரத்துக்கு ஆவணப்படம் பார்க்கவைத்தார்கள். இரண்டு நாளும் அதன் பிறகு, அவரவர் உச்ச ஆற்றலில் 80 சதவீத அளவில், முடியாது என்று நிறுத்தும்வரை நிலைமிதிவண்டி மிதிக்கச் சொன்னார்கள். படம் பார்த்த நாளில் சராசரியாக 754 விநாடி தாக்குப்பிடித்தவர்கள், மூளையைக் கசக்கிய நாளில் 640 விநாடியிலேயே நிறுத்திவிட்டார்கள். இதயத் துடிப்பிலோ உடல் எடுத்துக்கொண்ட ஆக்சிஜனிலோ அதற்கான காரணம் எதுவும் தெரியவில்லை. மாறியது ஒன்றுதான்: ஒரே வேலை, மனம் களைத்திருந்தபோது தொடக்கத்திலிருந்தே கடினமாகத் தோன்றியிருக்கிறது.

கால்பந்துக்கு இதைப் பொருத்திப் பார்த்தவர் ஆஸ்திரேலிய ஆய்வாளர் மிட்செல் ஸ்மித். அவரும் குழுவினரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், வீரர்களுக்கு 30 நிமிடம் ஸ்ட்ரூப் சோதனை கொடுக்கப்பட்டது. சிவப்பு என்ற சொல்லை நீல நிறத்தில் எழுதிக் காட்டினால், சொல்லைப் படிக்காமல் நிறத்தைச் சொல்ல வேண்டும். சோதனை அவ்வளவுதான், ஆனால் அரை மணி நேரம் தொடர்ந்து செய்தால் தலை கிறுகிறுத்துவிடும். அதன் பிறகு, இரண்டு குறிகளுக்கிடையே கூடிக்கொண்டே போகும் வேகத்தில் முன்னும் பின்னுமாக ஓடும் யோ-யோ ஓட்டச் சோதனையில் சராசரியாக 1410 மீட்டர் ஓடக்கூடியவர்கள் 1203 மீட்டரில் நின்றுவிட்டார்கள். பந்தைக் கடத்துவதில் பிழைகள் கூடின. கோலை நோக்கி அடித்த பந்தின் வேகமும் குறியும் குறைந்தன. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், ஆட்டக் காட்சிகளைத் திரையில் காட்டி அடுத்து என்ன செய்வாய் என்று கேட்டபோது, களைத்த மனத்தோடு இருந்தவர்களின் பதில் தாமதமாகவும் துல்லியம் குறைந்தும் வந்தது.

பயிற்சியாளர் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு செய்தி இந்த ஆய்வுகளுக்குள் இருக்கிறது. குறுகிய தூர முழுவேக ஓட்டம், தாவும் உயரம், உச்ச வலிமை ஆகியவை மனக்களைப்பால் பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை. நீடித்து ஓடுவதும், நுட்பமாகப் பந்தைக் கையாள்வதும், முடிவெடுப்பதுமே அடிவாங்குகின்றன. ஆகவே ஆட்டத்துக்கு முன் இரண்டு ஸ்பிரின்ட் ஓடவிட்டுப் பார்த்து, "பையன் ஃப்ரெஷ்ஷாத்தான் இருக்கான்" என்று முடிவெடுத்தால் ஏமாந்துபோவீர்கள்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆய்வுக்கூடத்துச் சோதனைகள் காட்டும் அளவுக்கு உண்மையான விளைவு பெரிதாக இருக்காது என்று பிற்கால மறுபரிசீலனைகள் சில வாதிடுகின்றன. ஆய்வுகளில் பங்கேற்றவர்களின் எண்ணிக்கை சிறியது. விளைவு தெரிந்த ஆய்வுகளே அதிகமாக வெளியாகும் என்ற ஐயமும் உண்டு. பார்வையாளர் கூச்சலிடும் இறுதிப்போட்டி, ஆளற்ற அறையில் மிதிவண்டி மிதிப்பதைப் போன்றதல்ல. இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆகவே தோற்ற ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மனக்களைப்பைக் காரணம் காட்ட வேண்டாம். அதே நேரத்தில், கீழே சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவு எதுவும் இல்லை. பயன் சிறிதாக இருந்தாலும் நட்டம் ஏதும் வந்துவிடாது.

களைப்பு எங்கிருந்து வருகிறது

முழுநேரத் தொழில்முறை வீரருக்கு ஆட்டமும் பயணமும் நேர்காணல்களும் சுமை. நம்மிடம் வருபவர்களோ மைதானத்துக்குள் கால்வைக்கும் முன்பே பாதி நாளை வேறெங்கோ செலவழித்துவிட்டு வருகிறவர்கள். பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவரின் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் ட்யூஷன், பகல் முழுவதும் பள்ளி, மாலையில் சிறப்பு வகுப்பு, அதற்கும் பிறகு புத்தகப் பையோடு மிதிவண்டியில் மைதானம். வாரத்தில் ஒருமுறை வருகிற பி.டி. பீரியடையும் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொண்டுவிடுகிறார். மனம் இளைப்பாற இருந்த ஒரே இடைவெளியும் அதனால் மேலும் ஒரு பாடவேளையாக மாறிவிடுகிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்து ஊர்க் குழுக்களில் தோல், காலணித் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் அனைவரையும் 'உடல் உழைப்பாளிகள்' என்று ஒரே தட்டில் வைத்துவிடுகிறோம். மூட்டை தூக்குபவருடைய களைப்பு வேறு. காலணியின் மேற்பகுதியைத் தையல் இயந்திரத்தில் ஓட்டுபவருடைய களைப்பு வேறு. பதப்படுத்திய தோலை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, உண்ணி கடித்த தழும்பு எங்கே, முள் கீறல் எங்கே என்று பார்த்துத் தரம் பிரிப்பவர் எட்டு மணி நேரம் கண்ணை எடுக்காமல் இருந்துவிட்டு வருகிறார். அவருடைய கால்கள் புதிதாகத்தான் இருக்கும். அவரை நடுக்களத்தில் நிறுத்தி, நாலாபுறமும் பார்த்துப் பந்தைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னால் அன்றைக்குத் தடுமாறுவார். அந்த நாளில் அவருக்கு ஓட்டப்பயிற்சி கொடுப்பது, நுட்பப் பயிற்சி கொடுப்பதைவிட நல்லது. அலுவலக வேலை பார்ப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

அடுத்தது கைப்பேசி. பிரேசிலில் லியோனார்டோ ஃபோர்ட்டெஸும் குழுவினரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டத்துக்கு முன் சமூக ஊடகச் செயலிகளை 30 அல்லது 45 நிமிடம் பார்த்த வீரர்கள் பந்தைக் கடத்த எடுத்த முடிவுகளின் தரம் குறைந்தது. 15 நிமிடத்துக்கு அப்படிப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. திருப்பத்தூரிலிருந்து வேலூருக்கு ஆட வரும் ஒரு குழு பேருந்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருக்கிறது. அந்த நேரம் முழுவதும் ரீல்ஸ் தள்ளிக்கொண்டும் துப்பாக்கி விளையாட்டு ஆடிக்கொண்டும் வந்து இறங்கும் பதினைந்து பேரை, பயணத்தில் ஓய்வெடுத்து வந்தவர்கள் என்று கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது.

இவற்றோடு வெயிலும் சேர்கிறது. மே மாதத்தில் வேலூரில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது செய்தியே அல்ல. வெப்பமும் நீரிழப்பும் செய்யும் வேலையைக் கடினமாகத் தோன்றவைக்கின்றன; மனக்களைப்பும் அதையேதான் செய்கிறது. இரண்டும் ஒரே நாளில் கூடினால் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. அதனால் முதலில் தண்ணீரைச் சரிசெய்யுங்கள், பிறகு மற்றதைத் தேடுங்கள்.

களத்தில் கண்டறிவது

களைத்த மனத்தின் முதல் அடையாளம், வீரர் தலையைத் திருப்பிப் பார்ப்பதை நிறுத்திவிடுவது. நல்ல நடுக்கள வீரர், பந்து தன்னிடம் வந்துசேர்வதற்கு முன்பே இரண்டு மூன்று முறை தோளுக்குப் பின்னால் பார்த்துவிடுகிறார். நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் இங்கிலாந்து பிரீமியர் லீக் வீரர்களைக் கவனித்து, அடிக்கடி இப்படிப் பார்ப்பவர்களே பந்தைச் சரியாகக் கடத்துவதில் முன்னிற்பதைக் காட்டியிருக்கிறார். மனம் களைத்தவர் பந்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். பந்து காலுக்கு வந்த பிறகே நிமிர்ந்து இடம் தேடுவார். அதற்குள் எதிரணிக்காரர் மேலே வந்துவிடுவார். வெளியே உட்கார்ந்திருக்கும் மாற்று வீரர் ஒருவரிடம் நோட்டும் பேனாவும் கொடுத்து, குறிப்பிட்ட நடுக்கள வீரர் ஒருவர் பந்து வருமுன் தோளுக்குப் பின்னால் பார்த்தாரா இல்லையா என்று, முதல் பாதியில் ஐந்து நிமிடமும் இரண்டாம் பாதியில் ஐந்து நிமிடமும் கோடு போடச் சொல்லுங்கள். கோடு போடுகிற பையனுக்கும் இது பாடம்தான். அடுத்த வாரம் தான் களமிறங்கும்போது அவனை அறியாமலே தலையைத் திருப்புவான்.

இரண்டாவது அடையாளம் மௌனம். "மேன் ஆன்", "டைம் இருக்கு", "லெஃப்ட்ல பாருணா" என்று கத்திக்கொண்டிருந்த தடுப்பு வரிசை சத்தமில்லாமல் ஆகிவிடும். நால்வரும் ஒன்றாக முன்னேறி ஆஃப்சைடு பொறி வைக்கும் குழுவில், ஒருவர் மட்டும் ஓரடி பின்தங்குவார். அந்த ஓரடியில் கோல் விழும். கோல்கீப்பர் ஃப்ரீ கிக்குக்குச் சுவர் அமைக்கத் தாமதிப்பார். த்ரோ-இன்னுக்குப் பந்தை எடுத்தவர் யாருக்கு எறிவதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நிற்பார். நடுவரோடு வாக்குவாதம், சின்ன இடிக்கும் சீறிவிழுவது, முதல் பாதியில் செய்த அதே பிழையை அப்படியே திரும்பச் செய்வது ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும். தனித்தனியாக எடுத்துக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம் சொல்லலாம். மூன்று நான்கு ஒரே வீரரிடம் ஒரே நாளில் தெரிந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

களத்துக்கு வெளியே அளவிடுவதற்கு ஆய்வாளர்கள் பயன்படுத்தும் முறையையே நோட்டுப் புத்தகத்தில் செய்துகொள்ளலாம். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு பக்கம். ஸ்கேலால் சரியாகப் பத்து சென்டிமீட்டர் கோடு ஒன்று இழுத்து, இடது முனையில் 'கொஞ்சமும் இல்லை' என்றும் வலது முனையில் 'இதற்கு மேல் முடியாது' என்றும் எழுதுங்கள். பயிற்சி தொடங்குமுன், "இப்போது உன் மூளை எவ்வளவு களைத்திருக்கிறது?" என்று கேட்டு, கோட்டின் மேல் ஓரிடத்தில் குறுக்கே ஒரு கீறல் போடச் சொல்லுங்கள். இடது முனையிலிருந்து கீறல்வரை மில்லிமீட்டரில் அளந்தால் 0 முதல் 100 வரை ஓர் எண் கிடைக்கும். கோட்டில் 1, 2, 3 என்று முன்கூட்டியே எண் போட்டுவிடாதீர்கள். போட்டால் நேற்று சொன்ன எண்ணையே இன்றும் சொல்லிவிடுவார்கள். வாயால் கேட்பதும் பயன்படாது, ஏனென்றால் நம் பிள்ளைகளிடம் எதைக் கேட்டாலும் "ஓகே சார்" என்ற ஒரே பதில்தான் வரும். ஒருவரின் எண்ணை மற்றொருவரின் எண்ணோடு ஒப்பிடவும் கூடாது. ஒருவருக்கு 30 என்பதே அதிகம். இன்னொருவர் எப்போதும் 50-இல் கீறல் போடுபவர். இரண்டு மூன்று வாரம் குறித்துவந்தால் அவரவருடைய வழக்கமான அளவு தெரிந்துவிடும். அதிலிருந்து எண் எகிறும் நாளையே பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். அந்த நோட்டு உங்களுக்கும் அந்த வீரருக்கும் மட்டுமே உரியது. 80-இல் கீறல் போட்டதற்காக ஒருவரை ஆட்டத்திலிருந்து நீக்கினாலோ, மற்றவர்கள் முன் "என்னடா, உனக்கு மட்டும் மூளை தேஞ்சுபோச்சா?" என்று கேலி செய்தாலோ, மறுநாளிலிருந்து எல்லாரும் 10-இலேயே கீறல் போடுவார்கள். அதன் பிறகு அந்த நோட்டால் யாருக்கும் பயனில்லை.

வகுப்பறையில் செய்து காட்டும் ஸ்கேல் பிடிக்கும் சோதனையையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலை ஒருவர் மேல்முனையில் பிடித்துத் தொங்கவிட்டு, சொல்லாமல் விட வேண்டும்; மற்றவர் கீழ்முனையருகே விரல்களை விரித்து வைத்திருந்து பிடிக்க வேண்டும். 15 சென்டிமீட்டரில் பிடித்தால் ஏறக்குறைய 0.17 விநாடி, 20-இல் பிடித்தால் 0.20 விநாடி. ஒருமுறை பிடித்ததை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. பலமுறை செய்து, கைக்கு வந்த அளவுகளின் ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். களைத்தவரிடம் ஒன்று நன்றாக, அடுத்தது படுமோசமாக என்று மாறி மாறி வரும். இதைவிட அந்தக் கோட்டின் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

மனக்களைப்பு என்று தவறாக நினைக்கக்கூடிய வேறு சிலவும் உண்டு. தலையில் அடிபட்ட பிறகு ஒருவர் மந்தமாகவோ குழப்பமாகவோ இருந்தால் அது மூளை அதிர்வாக இருக்கக்கூடும். அவரை உடனே வெளியேற்றி, அன்று மீண்டும் இறக்காமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இதில் இரண்டாவது யோசனைக்கே இடமில்லை. வாரக்கணக்கில் தீராத அசதிக்கு இரத்தசோகையோ வேறு நோயோ காரணமாக இருக்கலாம். மனக்களைப்பு ஒரு நல்ல இரவுத் தூக்கத்தில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். விளையாட்டிலும் வீட்டிலும் எதிலுமே நாட்டமில்லாமல், தூக்கம் கெட்டு, இரண்டு வாரத்துக்கும் மேல் ஒருவர் ஒதுங்கியே இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தமக்கு வசதியான வேறிடத்திலோ மருத்துவரைப் பார்க்கும்படி பெற்றோரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் கட்டணமின்றிப் பேசவும் முடியும்.

ஆட்டத்துக்கு முந்தைய இருபத்துநான்கு மணி நேரம்

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். வேலை சனிக்கிழமை மாலையிலேயே தொடங்கிவிடுகிறது. வியூகம், யார் யாரைக் கவனிப்பது, கார்னருக்கு யார் எங்கே நிற்பது ஆகிய அனைத்தையும் அன்றைக்கே சொல்லி முடித்து, களத்தில் ஒருமுறை நடந்தே காட்டிவிடுங்கள். ஆட்டத்தன்று காலையில் மணிக்கணக்கில் வீடியோ போட்டுக் காட்டுவதும், பலகையில் அம்புக்குறிகள் வரைந்து விளக்குவதும் பயிற்சியாளரின் பதற்றத்தைத் தணிக்கலாம். வீரர்களுக்கு அது இன்னொரு வகுப்பறைதான். ஆட்டத்தன்று பேச்சு பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டியதில்லை.

சனி இரவுத் தூக்கம் எல்லாவற்றையும்விட முக்கியம். பதின்பருவத்தினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. ஓர் இரவில் மட்டும் அதைக் கொடுத்து ஒரு வாரக் கடனைத் தீர்த்துவிட முடியாது என்பதால், வியாழக்கிழமையிலிருந்தே சொல்லிவைக்க வேண்டும். கைப்பேசியைப் படுக்கைக்கு எடுத்துச்செல்லாமல் கூடத்திலேயே சார்ஜில் போட்டுவிடும்படி பெற்றோரிடம் சொன்னால் பெரும்பாலும் ஒத்துழைப்பார்கள். தேர்வுக்கு உதவும் என்று அவர்களே பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த விஷயம்தானே. ஞாயிறு பகலில் இருபது முதல் முப்பது நிமிடக் குட்டித் தூக்கம் நல்லது. அதற்கு மேல் போனால் எழுந்த பிறகு நெடுநேரம் மந்தமாக இருக்கும். ஞாயிறு காலையிலும் மாணவர்களைச் சிறப்பு வகுப்புக்குப் போகச் சொன்னால், ஆட்டம் உள்ள அந்த ஒரு நாளைக்கு மட்டும் விடுப்புக் கேட்டு ஆசிரியரிடம் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள். மாணவர் கேட்டால் கிடைக்காத விடுப்பு, பி.டி. சார் போய்க் கேட்டால் கிடைத்துவிடும்.

சாப்பாட்டை மூன்று மணி நேரத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். சாதம், இட்லி, வாழைப்பழம் என்று எளிதாகச் செரிப்பவை போதும். ஆம்பூர் பிரியாணி ஆட்டம் முடிந்த பிறகு எங்கும் ஓடிவிடாது. தண்ணீரும் உப்புப் போட்ட நீர்மோரும் தாராளமாகக் குடிக்கட்டும். காபியில் உள்ள கஃபீன் மனக்களைப்பை ஓரளவு ஈடுகட்டுகிறது என்பது உண்மைதான். ஆனால் ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுக்கப்படுவது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 180 மில்லிகிராமுக்கும் குறையாது. டீக்கடை டீ ஒரு கிளாஸில் அவ்வளவு இருக்காது. மாலை நான்கு மணி ஆட்டத்துக்கு அவ்வளவு கஃபீன் குடித்தால் அன்றிரவுத் தூக்கம் போய்விடும். பள்ளி மாணவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டின்னில் விற்கும் எனர்ஜி ட்ரிங்க் அறவே வேண்டாம்.

மைதானத்துக்குக் கிளம்பும் நேரத்தில் கைப்பேசிகளை என்ன செய்வது? முழுவதுமாகப் பிடுங்கிவைத்தால் சண்டை வரும். பெரிய பையன்கள் ஏற்கமாட்டார்கள். ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன், அவரவரே அணைத்து ஒரே பையில் போட்டு, அணித்தலைவரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு நடைமுறைக்கு ஒத்துவரும். வீட்டுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்ல முதலில் ஐந்து நிமிடம் கொடுத்துவிடுங்கள். பேருந்தில் பாட்டுக் கேட்கட்டும், சும்மா பேசிக்கொண்டு வரட்டும், சன்னலோரம் தூங்கட்டும். கிண்டலும் பாட்டுமாக வரும் குழுவைப் பார்த்து, ஆட்டத்தைப் பற்றி அக்கறையில்லாதவர்கள் என்று கோபித்துக்கொள்ளும் பெரியவர்கள் உண்டு. அந்தக் கிண்டல்தான் அவர்களுடைய மனத்துக்கு ஓய்வு.

ஆட்ட நேரத்தில்

கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு தொண்ணூறு நிமிடமும் கத்துகிற பயிற்சியாளர், பந்து, எதிரணி, கூட்டாளி, நடுவர் ஆகியவற்றோடு கவனிக்க வேண்டிய ஐந்தாவது பொருளாகத் தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். பந்து வைத்திருப்பவரிடம் "பாஸ் பண்ணு, பாஸ் பண்ணு" என்று கத்துவதை அடியோடு விட்டுவிடலாம். பந்து வெளியே போயிருக்கும்போது, பெயர் சொல்லி, ஒரே ஒரு செய்தி, அது போதும். பெற்றோர்களும் ஊர்ப் பெரியவர்களும் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை கத்துவதை நம்மால் தடுக்க முடியாது, ஆனால் நாம் அதில் சேராமல் இருக்க முடியும்.

பதினைந்து நிமிட இடைவேளையில் முதல் ஐந்து நிமிடம் யாரும் எதுவும் பேச வேண்டாம். நிழல், தண்ணீர், குளிர்ந்த நீரில் நனைத்த துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள்வது, அவ்வளவுதான். பிறகு இரண்டே செய்திகள். மூன்றாவதாக ஒன்று சொல்லத் தோன்றினால், முதல் இரண்டில் எதை விட்டுவிடலாம் என்று பாருங்கள்.

மாற்று வீரரை இறக்கும்போது பெரும்பாலும் யார் நொண்டுகிறார், யார் மூச்சுவாங்குகிறார் என்றே பார்க்கிறோம். அதற்கு நிகராக, யார் பேச்சை நிறுத்திவிட்டார், யார் பந்து வருமுன் தலையைத் திருப்புவதில்லை என்பதையும் பாருங்கள். ஓரத்தில் ஓடும் விங்கர் உடலால் களைப்பார், அது எல்லார் கண்ணுக்கும் தெரியும். நடுக்களத்தில் ஆடுபவரும் மையத் தடுப்பாளரும் முடிவெடுத்து முடிவெடுத்துக் களைப்பார்கள். அது ஸ்கோர்போர்டில்தான் தெரியவரும்.

களைப்பைத் தாங்கப் பழக்குவது

மனக்களைப்பைத் தாங்கும் திறன் ஆளுக்கு ஆள் மாறுகிறது. பயிற்சியாலும் கூடுகிறது என்று எண்ணக் காரணம் இருக்கிறது. 2016-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், தொழில்முறை மிதிவண்டி வீரர்களின் வேகம் அரை மணி நேர ஸ்ட்ரூப் சோதனைக்குப் பிறகும் குறையவில்லை. பொழுதுபோக்காக ஓட்டுபவர்களின் வேகம் குறைந்தது. வால்ட்டர் ஸ்டையானோவும் குழுவினரும் 2022-இல், உடற்பயிற்சியோடு மூளைக்கான வேலையையும் சேர்த்துக் கொடுத்தபோது தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் முன்னேறியதாகக் காட்டினார்கள்.

நம் ஊரில் இதற்குக் கணினியும் செயலியும் தேவையில்லை. சார்ட் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்ற சொற்களைப் பொருந்தாத நிறங்களில் வரிசை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். ஓட்டப்பயிற்சிக்கு முன் பதினைந்து நிமிடம், இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் நிறத்தைச் சொல்ல மற்றவர் பிழைகளை எண்ணட்டும். பிறகு வழக்கமான ஓட்டம். பந்தோடு செய்வதானால், நான்கு நிற பனியன்களில் ஆட்களைப் பிரித்து, "சிவப்பு" என்று கத்தினால் நீலத்துக்குக் கொடுக்க வேண்டும், "பச்சை" என்றால் மஞ்சளுக்கு என்று விதி வைத்து, பழகியதும் விதியை மாற்றிவிடுங்கள். முதல் நாள் எல்லாரும் சிரித்துக்கொண்டே தப்பாக ஆடுவார்கள். பத்து நிமிடத்தில் சிரிப்பு நின்றுவிடும், அப்போதுதான் பயிற்சி தொடங்குகிறது என்று கொள்ளலாம். இது வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். போட்டித் தொடர் தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில் மட்டும் செய்யுங்கள். ஆட்டத்துக்கு முந்தைய இரண்டு நாட்களில் அறவே கூடாது.

ஆண்டின் மூன்று கடினமான காலங்கள்

ரமலான் மாதத்தில் நோன்பு இருக்கும் வீரர்கள் நம் பக்கத்துக் குழுக்களில் கணிசமாக இருப்பார்கள். உணவு, நீர் இவற்றோடு விடியலுக்கு முந்தைய சஹர் உணவுக்கு எழுவதால் தூக்கமும் இரண்டு துண்டாகிறது. வீரர்களையே கேட்டு, பயிற்சியை இஃப்தாருக்குச் சற்று முன் இலேசாகவோ, இரவு நேரத் தராவீஹ் தொழுகைக்குப் பிறகு சுருக்கமாகவோ வைத்துக்கொள்ளலாம். புதிய வியூகம் எதையும் அந்த மாதத்தில் சொல்லிக்கொடுக்கத் தொடங்காதீர்கள்; தெரிந்ததை ஆடட்டும்.

கோடைத் தொடர்களில் ஆட்டத்தைக் காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்துக்கு மேலோ வைக்க அமைப்பாளர்களிடம் கேளுங்கள். முடியாவிட்டால், ஒவ்வொரு பாதியின் நடுவிலும் தண்ணீர் இடைவேளைக்காவது நடுவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பொதுத்தேர்வு நடக்கும் மார்ச்சில் மாணவர்களைப் பயிற்சிக்கு அடியோடு வரவேண்டாம் என்று சொல்லிவிடுவதே வழக்கம். பெற்றோரின் வற்புறுத்தலும் அதுவே. வாரம் இரண்டு நாள், நாற்பது நிமிடம், எந்த அறிவுரையும் இல்லாமல் ஐந்துக்கு ஐந்து ஆடவிட்டு அனுப்பினால், படித்துக் களைத்த மனத்துக்கு அதுவே மாற்றாக இருக்கும் என்று பெற்றோரிடம் எடுத்துச் சொல்லிப் பார்க்கலாம். கடைசித் தேர்வு முடிந்த மறுநாளே கோடைத் தொடருக்கான கடும் பயிற்சியைத் தொடங்கிவிடாதீர்கள். முதல் வாரம் வியூகப் பலகையும் விசிலும் ஸ்டோர் ரூமிலேயே இருக்கட்டும். பந்தை மட்டும் கொடுத்துவிட்டு, அணியைக்கூட அவர்களே பிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள். நோட்டில் கீறல் போடும் வேலையை இரண்டாவது வாரத்திலிருந்து தொடங்கினால் போதும்.